ஆசிரியைகளை உருவாக்கிய சகோதரி

பள்ளிக்கூடம் கட்டியவர்களின் பெயரைக் கல்வெட்டு சொல்லும். அப்பள்ளிக்கு ஆசிரியரை உருவாக்கித் தந்தவர்களின் பெயர் பெரும்பாலும் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. தமிழகத்தில் பெண் ஆசிரியர் பயிற்சிக்கு உரம் போட்ட சகோதரி சுப்புலட்சுமியை இன்றைய தலைமுறை அதிகம் அறியாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தஞ்சை மாவட்டத்து ரிஷியூரைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில், 1886 ஆகஸ்ட் 18 அன்று சென்னை மயிலாப்பூரில் பிறந்தார் சுப்புலட்சுமி. தந்தை சுப்பிரமணிய ஐயர் குடிசார் பொறியாளர், தாய் விசாலாட்சி. அன்றைய வழக்கப்படி 11 வயதில் திருமணம் நடந்தது. சிறிது காலத்திலேயே கணவர் இறந்தார். தலையை மழித்து மூலையில் அமர்த்துவதே அந்நாளைய ஆசாரம். பெற்றோர் அதற்கு உடன்படவில்லை. தந்தை வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். இளமையிலேயே கணவரை இழந்திருந்த சிற்றன்னை அக்குழந்தைக்குத் துணை நின்றார்.

சுற்றத்தாரின் ஏச்சுக்கிடையே கான்வென்டிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1911-இல் அவர் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் பிராமண விதவை அவரே. அந்தப் பட்டத்தைத் தம் ஒருவரின் விடுதலையாக மட்டும் அவர் கருதவில்லை. அடுத்த ஆண்டே சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். விரல்விட்டு எண்ணத்தக்க குழந்தை விதவைகளைக் கொண்டு சாரதா இல்லத்தையும் நிறுவினார்.

பொருளாதாரம் பயிற்றுவித்தவன் என்ற முறையில், அவரது பணியில் என்னை வியக்க வைப்பது கருணை மட்டுமன்று, கணக்கும்தான். ஆண் ஆசிரியரிடம் பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். பெண் ஆசிரியரோ கிடைக்கவில்லை. பெண்கள் படித்தால்தானே ஆசிரியை கிடைப்பார்? இந்த நச்சுச் சுழற்சியை எங்கே அறுப்பது? இல்லற வாழ்வு மறுக்கப்பட்டு, எதற்கும் பயன்படாதவர்கள் என்று வீட்டுக்குள் முடக்கப்பட்ட இளம் விதவைகளைச் சுப்புலட்சுமி அச்சுழற்சியின் பலவீனமான கண்ணியாகக் கண்டார். சமூகம் சுமை என்று ஒதுக்கியவர்களையே, சமூகத்துக்கு மிகவும் தட்டுப்பாடாக இருந்த மனித வளமாக அவர் மாற்றினார்.

இது உலகம் ஏற்கெனவே கண்ட வழிதான். 1839-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் லெக்சிங்டன் என்ற ஊரில், சைரஸ் பியர்ஸ் தலைமையில் பெண்களுக்கான அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, முதல் நாள் வந்த மாணவியர் மூவர் மட்டுமே. அத்தகைய பள்ளிகளிலிருந்துதான் அந்நாட்டின் பொதுக் கல்வி கிளைத்தது.

சாரதா இல்லம் பின்னர் சென்னைக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸுக்கு இடம்பெயர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டப்பட்ட அக்கட்டடம், இல்லமற்ற சிறுமியரின் இல்லமாயிற்று. அதன் அருகிலேயே 1922-இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தோன்றியது; சுப்புலட்சுமி அதன் முதல்வரானார். பட்டதாரிகளுக்கும், பள்ளிப் படிப்போடு நின்றவர்களுக்கும் அங்கே தனித்தனியே பயிற்சி அளிக்கப்பட்டது. கற்றதை வகுப்பறையில் சோதித்துப் பார்க்க மாதிரிப் பள்ளியும் உடனிருந்தது. தங்க இடம், கற்கப் பள்ளி, பழகப் பயிற்சிக் கல்லூரி, முடிவில் ஊதியமுள்ள வேலை என்னும் நான்கையும் ஒரே சங்கிலியாகப் பிணைத்ததே அவரது வெற்றி.

அவரை விமர்சிக்கவும் இடமுண்டு. சாரதா இல்லம் பிராமண விதவைகளுக்காகவே தொடங்கப்பட்டது. ஆசார விதிகளும் அங்கே பேணப்பட்டன. அனைத்துப் பெண்களுக்கும் கல்வி என்ற அளவுகோலில் இது குறையே. ஆனால், வைதிகக் குடும்பங்கள் தம் பெண்களை வாசற்படி தாண்டி அனுப்புவதற்கு அவர் கொடுத்த விலையாகவும் இதைக் காண வேண்டும். அவரும் ஓரிடத்தில் நின்றுவிடவில்லை. வயது வந்த பெண்களுக்காக 1927-இல் சாரதா வித்யாலயத்தைத் தொடங்கினார்; பெண்ணின் திருமண வயதை உயர்த்தக் குரல் கொடுத்தார். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார். தாம்பரம் அருகே மாடம்பாக்கத்தில் கிராமப் பணியிலும் ஈடுபட்டார். 1958-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1969 டிசம்பர் 20 அன்று மறைந்தார்.

பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் இருந்துகொண்டு இவ்வாழ்க்கையை எண்ணும்போது சில கேள்விகள் எழுகின்றன. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி மண் இது. சுண்ணாம்புக்கல்லை நம்பிச் சிமென்ட் ஆலைகள் எழுந்த மண். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெண்கள் எழுத்தறிவில் இவ்விரு மாவட்டங்களும் மாநிலச் சராசரிக்குக் கீழேதான் நின்றன. அதிகாரிகள் தடுத்து நிறுத்திய குழந்தைத் திருமணம் பற்றிய செய்தி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. நான் பாடம் நடத்திய வகுப்புகளில், பருத்தி எடுக்கும் தாயின் கூலியில் படித்த முதல் தலைமுறை மாணவியர் பலர் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் சொன்ன கனவு ஒன்றே: ஆசிரியை ஆவது.

அக்கனவை நாம் எப்படி நடத்துகிறோம்? தனியார் பயிற்சி நிறுவனங்கள் காளான்களாய் முளைத்த காலம் ஒன்று இருந்தது. சேர ஆளின்றி அவை மூடப்பட்ட காலமும் வந்தது. நகையை அடகு வைத்துப் பெற்ற பட்டயத்துடன் தகுதித் தேர்வையும் காலிப் பணியிட அறிவிப்பையும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் பெண்கள், சிற்றூர்தோறும் இருக்கிறார்கள். பயிற்சி இருக்கிறது, அதன் மறுமுனையில் இருக்க வேண்டிய பணி இல்லை. சகோதரி பிணைத்த சங்கிலியை நாம் கடைசிக் கண்ணியில் அறுத்துவிட்டோம்.

அவருக்குச் சிலை வைப்பது எளிது. ஊரகப் பள்ளிகளின் காலியிடங்களை ஆண்டுதோறும் கணக்கிட்டு, அதற்கேற்பப் பயிற்சி இடங்களை வகுத்து, தேர்ந்தவர்களுக்குத் தாமதமின்றி நிரந்தரப் பணி அளிப்பதே கடினமான, ஆனால் உண்மையான நினைவஞ்சலி. தகுதியுள்ள ஓர் ஆசிரியை வேலைக்காகக் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும், ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு வகுப்பறையும் அவருக்காகக் காத்திருக்கிறது என்பதை ஆட்சியாளர்கள் உணர வேண்டும்.