பொம்மை பியானோவைச் சுத்தியலால் உடைத்த மிஷெல்!

யூடியூபில் மிஷெல் பெட்ரூச்சியானி என்று டைப் செய்து, ஏதாவது ஒரு கச்சேரியைத் திறங்கள். முதல் ஒரு நிமிடம் ஸ்க்ரீனைப் பார்க்காதீர்கள். ஹெட்போனில் சும்மா கேளுங்கள். வேகம்னா அப்படியொரு வேகம். ஆனாலும் ஒவ்வொரு ஸ்வரமும் மணியடித்த மாதிரி தனித்தனியாக விழும். யாரோ ஆறடி ஆள் பியானோவைப் புரட்டி எடுக்கிறார் என்றுதான் நினைப்பீர்கள்.

இப்போது ஸ்க்ரீனைப் பாருங்கள். வாசிப்பவரின் உயரம் சுமார் மூன்றடிதான்.

1962 டிசம்பர் 28-ம் தேதி, தெற்கு பிரான்ஸில் உள்ள ஓராஞ்ச் நகரில் பிறந்தார் மிஷெல். இத்தாலிய வம்சாவளிக் குடும்பம். பிறவியிலேயே ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா என்ற மரபணுக் குறைபாடு. எலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் சரியாக உருவாகாது. லேசாக இடித்தாலே எலும்பு உடையும். நீங்களும் நானும் ஓடி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்ட வயசில், அவருக்கு எலும்பு முறிவும் மாவுக்கட்டும்தான் வாடிக்கை.

ஆனால், வீடு முழுக்க இசை. அப்பா டோனி கிட்டார் கலைஞர். நாலு வயசில் ஒருநாள், டி.வி-யில் அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் பியானோ வாசிப்பதைப் பார்த்த மிஷெல், அது எனக்கும் வேணும் என்று அடம்பிடித்தார். பொம்மை பியானோ ஒன்று வந்தது. அதில் எலிங்டனின் சத்தம் வருமா? சுத்தியலை எடுத்து அதை உடைத்தேவிட்டார். பையன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அப்பாவுக்குப் புரிந்தது. ராணுவ முகாம் ஒன்றில் ஆங்கிலேயர்கள் விட்டுச்சென்ற பழைய பியானோ வீட்டுக்கு வந்தது.

கால்கள் பெடலை எட்டாது. அதற்காகத் தனியாக ஒரு கருவி பொருத்தினார்கள். ஆனால், கைகள் மட்டும் சராசரி மனிதரின் நீளத்துக்கு இருந்தன. அது போதுமே! பல வருடங்கள் கிளாசிக்கல் பயிற்சி. 13 வயதில் முதல் தொழில்முறைக் கச்சேரி. ஆரம்ப நாள்களில் சில சமயம் யாராவது தூக்கிவந்து உட்காரவைக்க வேண்டும். உட்கார்ந்த பிறகு அவரை யாராலும் பிடிக்க முடியாது.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கா கிளம்பினார். கலிஃபோர்னியாவில் சாக்ஸபோன் கலைஞர் சார்லஸ் லாயிடைச் சந்தித்தார். ஒருகாலத்தில் கொடிகட்டிப் பறந்த லாயிட், அப்போது மேடையைவிட்டே ஒதுங்கி வாழ்ந்துகொண்டிருந்தார். இந்தச் சின்னப் பையனின் வாசிப்பைக் கேட்டவர், மறுபடி சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு அவரோடு ஊர் ஊராகக் கச்சேரிக்குக் கிளம்பிவிட்டார். ஒருத்தரின் திறமை இன்னொருத்தரின் மௌனத்தைக் கலைத்தது.

அதன்பிறகு எல்லாமே ஏறுமுகம். ஜாஸ் உலகின் பெரிய ரெக்கார்டு கம்பெனியான ப்ளூ நோட் அவரை ஒப்பந்தம் செய்தது. 1986-ல் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ விழாவில் ஜிம் ஹால், வெய்ன் ஷார்ட்டர் என்ற இரண்டு ஜாம்பவான்களோடு மேடையேறினார். 1993-ல் தனியாளாக ஓர் ஆல்பம் வெளியிட்டார். யாருக்குக் காணிக்கை தெரியுமா? டி.வி-யில் பார்த்த அதே எலிங்டனுக்கு! அடுத்த வருடம் பிரான்ஸ் அரசு லெஜியன் ஆஃப் ஆனர் விருது கொடுத்தது.

இதுவரை படித்ததும் ஒரு மோட்டிவேஷன் ரீல்ஸ் போடத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

இசையில் இருந்த வேகம் வாழ்க்கையிலும் இருந்தது. வருடத்துக்கு நூறு கச்சேரிகளுக்கு மேல். 1998-ல் மட்டும் 140. கண்ணாடி மாதிரி உடம்பு எத்தனை விமானப் பயணங்களை, எத்தனை இரவுகளைத் தாங்கும்? 1999 ஜனவரி 6-ம் தேதி, நுரையீரல் தொற்றால் நியூயார்க்கில் இறந்தார். வயசு 36.

ஓய்வெடுத்திருந்தால் இன்னும் கொஞ்சகாலம் இருந்திருப்பாரோ? இருக்கலாம். ஆனால், அந்தப் பியானோவை விட்டுவிட்டு அவர் எங்கே போய் ஓய்வெடுப்பார்? இரண்டில் எது சரி என்று சொல்வது அவ்வளவு சுலபமில்லை. இதைச் சாதனை என்று கைதட்டிவிட்டு நகரவும் மனசு வரவில்லை.

பாரிஸின் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில், பியானோ மேதை ஷோப்பனின் கல்லறைக்குப் பக்கத்தில்தான் மிஷெல் உறங்குகிறார். அவரே இசையமைத்த துண்டு ஒன்றின் பெயர் 'லுக்கிங் அப்'. மேலே பார்ப்பது என்று அர்த்தம். வாழ்நாள் முழுக்க எல்லோரையும் அண்ணாந்தே பார்த்த ஒருவர், அதில் துளிகூடக் கசப்பில்லாமல் துள்ளுகிறார்.

இன்றிரவு அதைக் கேளுங்கள். ஸ்க்ரீனை அணைத்துவிட்டு!