பொதுப்பணத்தில் பேணப்படும் நீர்: அண்ணல் அம்பேத்கரின் பத்தாண்டு வழக்கு

சத்தாரா பள்ளியில் பயின்ற சிறுவன் பீமராவுக்குத் தாகம் எடுத்தால், முதலில் ஆசிரியரிடம் அனுமதி பெற வேண்டும். பிறகு குழாயைத் திறந்துவிடப் பள்ளியின் ஏவலர் வர வேண்டும். மகர் சாதியில் பிறந்தவர் குழாயைத் தொடக்கூடாது. ஏவலர் இல்லாத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான்.

1901ஆம் ஆண்டில், கோரேகாவில் பணியாற்றிய தந்தையைக் காண அவர் உறவுச் சிறுவர்களுடன் புறப்பட்டார். பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலை தருவதற்காக அரசு வெட்டிய குளத்தின் பணியில் தந்தை காசாளராக இருந்தார். ரயிலிலிருந்து இறங்கி மாட்டுவண்டியில் சென்ற அந்தச் சிறுவர்களுக்கு வழியில் எவரும் குடிநீர் தரவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் சேறும் மாட்டுக் கழிவும் கலந்த நீரே. கையில் உணவிருந்தும் நீரின்றி உண்ண முடியாமல் பசியோடு உறங்கினர். தந்தை குளம் வெட்டும் பணியில் இருந்தார். பிள்ளைகளுக்கோ குடிக்க நீரில்லை. அண்ணலின் நீருரிமைப் போராட்டத்தின் வேர் இங்கே இருப்பதாக நாம் கருதுகிறோம்.

கொலம்பியாவிலும் லண்டனிலும் கற்று, 1923இல் அவர் பாரிஸ்டராக நாடு திரும்பினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 4 அன்று, எஸ்.கே. போலே முன்மொழிந்த தீர்மானத்தைப் பம்பாய் சட்டமன்றம் நிறைவேற்றியது. பொதுப்பணத்தில் கட்டப்பட்டுப் பராமரிக்கப்படும் நீர்நிலைகளையும் கிணறுகளையும் தீண்டப்படாத மக்கள் பயன்படுத்தலாம் என்றது அத்தீர்மானம். 1924இல் மகத் நகராட்சியும் சௌதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. காகிதத்தில் உரிமை பிறந்தது. குளத்தருகே எவராலும் செல்ல இயலவில்லை.

1927 மார்ச் 20 அன்று, மகத் மாநாட்டில் திரண்ட ஆயிரக்கணக்கானோருடன் அண்ணல் ஊர்வலமாகச் சென்று அக்குளத்து நீரைப் பருகினார். அவர்கள் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்ற வதந்தியைப் பரப்பி, சாதி இந்துக்கள் மாநாட்டினரைத் தாக்கினர். பின்னர் பஞ்சகவ்வியம் ஊற்றிக் குளத்தைத் தூய்மைப்படுத்தினர். ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது.

டிசம்பரில் இரண்டாம் மாநாடு கூடவிருந்த வேளையில், சாதி இந்துக்கள் அண்ணல் மீதும் தோழர்கள் மீதும் உரிமையியல் வழக்குத் தொடுத்துத் தற்காலிகத் தடையாணை பெற்றனர். டிசம்பர் 25 அன்று மநுஸ்மிருதி எரிக்கப்பட்டது. ஆயினும் நீதிமன்றத் தடையை மீறிக் குளத்தில் இறங்குவதில்லை என்று முடிவாயிற்று. அந்த முடிவு பலருக்குக் கசந்திருக்கும். ஆனால் அண்ணல் போராட்டத்தைக் கைவிடவில்லை. அதை நீதிமன்றத்திற்குள் கொண்டு சென்றார்.

வாதிகள் இரண்டு வாதங்களை வைத்தனர். குளம் தங்கள் தனிச்சொத்து என்பது ஒன்று. தீண்டப்படாதோரை விலக்குவது தொன்றுதொட்ட வழக்கம் என்பது மற்றொன்று. 1931இல் கீழமை நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 1933இல் மேல்முறையீடும் தோற்றது. 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. குளம் நகராட்சிக்குரியது, தொன்றுதொட்ட வழக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை. பருகிய நீருக்குச் சட்டத்தின் ஒப்புதல் கிடைக்கப் பத்தாண்டுகள் ஆயின.

அவ்வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1934இல் தௌலதாபாத் கோட்டை வாயிலிலிருந்த நீர்த்தொட்டியில் கைகால் கழுவியதற்காக அண்ணலும் தோழர்களும் அங்கிருந்த முஸ்லிம்களின் வசவுக்கு ஆளாயினர். உள்ளே எங்கும் நீரைத் தொடாதிருக்கக் காவலர் ஒருவர் உடன் அனுப்பப்பட்டார். பாரிஸ்டர் பட்டமும் அவருக்கு ஒரு கை நீரைப் பெற்றுத் தரவில்லை.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து, தாமோதர், மகாநதி பள்ளத்தாக்குத் திட்டங்களுக்கு வழிவகுத்தார். பின்னர் அரசமைப்பு வரைவுக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். தீண்டாமையை 17ஆம் உறுப்பு ஒழித்தது. 15(2)ஆம் உறுப்போ, முழுமையாகவோ பகுதியாகவோ அரசு நிதியில் பேணப்படும் கிணறு, குளம், குளிதுறை ஆகியவற்றில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்கிறது. 1923ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் பொதுப்பணம் என்னும் அளவுகோல் இங்கே அரசமைப்பின் மொழியாயிற்று. அன்று அது வெறும் பரிந்துரை. 1950 முதல் அது அடிப்படை உரிமை.

1956 டிசம்பர் 6 அன்று அண்ணல் மறைந்தார். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அதுவும் பொதுப்பணத்தில் கட்டிய தொட்டியே.

இன்று நீர் மறுக்கப்படுவதற்குத் தடுக்கும் கை எப்போதும் கண்ணில் படுவதில்லை. ஊருக்கு வரும் குழாய் சேரிக்கு முன்பே நின்றுவிடுகிறது. கூலியில் ஒரு பங்கு கேன் தண்ணீருக்குப் போகிறது. விலை கொடுக்க இயலாதவர் கலங்கல் நீரைக் குடிக்கிறார். இதை வறுமை என்று மட்டும் பேசினால், அண்ணலின் வழக்கை மறந்தவர்களாவோம்.

ஆகவே சட்டம் பயிலும் மாணவர்களிடமும் களத்தில் நிற்கும் தோழர்களிடமும் நாம் வேண்டுவது இதுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் ஊராட்சியின் குடிநீர்க் கணக்கைக் கேளுங்கள். எவ்வளவு செலவாயிற்று, குழாய் எந்தத் தெருவோடு நின்றது, நீர் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்று கேளுங்கள். பொதுப்பணம் சென்ற இடமெல்லாம் நம் உரிமையும் செல்லும் என்பதை மகத் வழக்கு நமக்கு ஈட்டித் தந்திருக்கிறது.