தளபதியின் உறங்காத இரவுகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைகளை வெற்றிக்கு இட்டுச்சென்ற தளபதி யுலிசஸ் கிராண்ட். 1869 முதல் 1877 வரை அந்நாட்டின் அதிபராகவும் இருந்தவர். அவருடைய வாழ்க்கையை எழுதுவோர் போர்க்களங்களில் தொடங்கி, அதிபர் பதவிக் கால ஊழல்களைக் கடந்து, இறுதி ஆண்டில் அவர் எழுதி முடித்த நினைவுக்குறிப்பு நூலில் வந்து நிற்பார்கள். எனக்கோ அந்த ஆண்டின் இரவுகளே பெரிதாகப் படுகின்றன. முந்தைய இரவில் தளபதி எத்தனை மணி நேரம் உறங்கினார் என்பதுகூட அன்றைய நாளிதழ்களில் செய்தியாக வந்தது.

1862இல் டோனல்சன் கோட்டையைக் கைப்பற்றியபோது அவர் கையில் சுருட்டு இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. மகிழ்ந்த மக்கள் பெட்டி பெட்டியாகச் சுருட்டுகளை அனுப்பினார்கள். அதுவரை பெரும்பாலும் புகைக்குழாய் பிடித்துவந்தவர், இடைவிடாத சுருட்டுப் பழக்கத்துக்கு ஆளானார். ஒரு நாட்டின் அன்பே ஒருவரின் தொண்டைக்கு நஞ்சாகிப்போன கொடுமை இது.

1884 மே மாதம், அவர் பணம் போட்டிருந்த நிதி நிறுவனம் கூட்டாளியின் மோசடியால் திவாலானது. அதே கோடையில் ஒரு பீச் பழத்தைக் கடித்தபோது தொண்டையில் கடும் வலி தெரிந்தது. அக்டோபரில்தான் தொண்டை மருத்துவர் ஜான் டக்ளஸிடம் சென்றார். அதற்குள் நோய் வேரூன்றிவிட்டது. மனைவி ஜூலியாவுக்கு விட்டுச்செல்ல எதுவும் இல்லாத நிலையில் நினைவுக்குறிப்புகளை எழுத அமர்ந்தார். மார்க் ட்வைனின் பதிப்பகம் அதை வெளியிட முன்வந்தது.

படுத்தால் தொண்டையில் சளி திரண்டு மூச்சு அடைத்தது. அதனால் நியூயார்க் வீட்டில் இரண்டு தோல் நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, ஒன்றில் சாய்ந்து மற்றொன்றில் கால்நீட்டி இரவைக் கழித்தார். வலியால் உறக்கம் வராமல் போவது ஒரு துன்பம். உறங்கினால் மூச்சுத் திணறி இறந்துவிடுவோமோ என்று உறக்கத்துக்கே அஞ்சுவது வேறொரு துன்பம். முற்றிய நோயில் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. 1885 மார்ச் இறுதியில் திணறல் முற்றி, இனிப் பிழைக்கமாட்டார் என்று நாடே காத்திருந்தது. ஏப்ரலில் தொண்டையிலிருந்து ரத்தம் கொட்டிய பிறகு, எதிர்பாராத விதமாகச் சற்றே தேறினார்.

மருத்துவர் ஜார்ஜ் ஷ்ரேடி ஓர் இரவு செய்தது இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது. உறக்கம் வராமல் தவித்தவரின் தலையணையைச் சரிசெய்து, சிறுவனாக இருந்தபோது படுத்ததைப் போலக் கால்களை மடக்கி, கையைத் தலைக்கு அடியில் வைத்துப் படுக்கச் சொன்னார். கிராண்ட் குழந்தையைப் போல உறங்கிப்போனார். அந்த இரவில் அவருக்குத் தேவைப்பட்டது அருகில் ஒருவர் அக்கறையோடு நிற்கிறார் என்ற நிம்மதிதான் என்று நான் நினைக்கிறேன். இரவுகளில் அவரைக் கவனித்துக்கொண்டவர்களில் ஒருவர் ஹாரிசன் டெரல். அடிமையாகப் பிறந்தவர். அடிமை முறைக்கு முடிவுகட்டிய போரின் தளபதிக்கு அவர் துணையிருந்தார்.

மருந்துகள் இருந்தன. கோகைன் கரைசலைத் தொண்டையில் தடவினார்கள். அதை உணர்விழப்பு மருந்தாக வியன்னாவில் கண் அறுவை சிகிச்சையில் பயன்படுத்தத் தொடங்கியதே 1884இல்தான். மார்பின் உறக்கம் தந்தது; ஆனால் மறுநாள் சிந்தனையை மங்கலாக்கியது. எழுத வேண்டியவருக்கு அது கட்டுப்படியாகவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு தெளிவைக் காப்பதா, உறங்கித் தெளிவை இழப்பதா என்று ஒவ்வொரு நாளும் அவர் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. குரல் போன பிறகு, மருந்துகள் தமக்கு என்ன செய்கின்றன என்பதைத் துண்டுத் தாள்களில் எழுதி டக்ளஸிடம் கொடுத்தார்.

இன்றைய அறிவியல் இந்தத் தவிப்புக்கு விளக்கம் தருகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலுள்ள உயிர்க்கடிகாரம், கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு பகலையும் இரவையும் பிரித்தறிகிறது. காலையில் கார்டிசோலும் இரவில் மெலடோனினும் உயர்வது அதன் ஒழுங்கு. முற்றிய புற்றுநோயில் உடலின் அழற்சி, வலி, படுக்கையிலேயே கழியும் பகல், ஸ்டீராய்டு மருந்துகள் எல்லாம் சேர்ந்து இந்த ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கிவிடுகின்றன. நோயாளி பகலெல்லாம் அரைத்தூக்கத்தில் கிடக்கிறார், இரவெல்லாம் விழித்திருக்கிறார். ஸ்டீராய்டைக் காலையிலேயே கொடுப்பது, காலை வெளிச்சத்தில் உட்காரவைப்பது, பகல் தூக்கத்தைக் குறைப்பது போன்ற எளிய வழிகளைத் தணிப்பு மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். ஆனால், நோயாளி வாய்திறந்து சொன்னாலொழிய உறக்கத்தைப் பற்றிய பேச்சே பல நேரங்களில் எழுவதில்லை. வலிக்கு மதிப்பெண் கேட்கும் மருத்துவமனைகள் இரவு எப்படிக் கழிந்தது என்றும் கேட்கலாமே!

நூல்தான் கிராண்டை உயிரோடு வைத்திருந்தது என்று சொல்வது வழக்கம். அவ்வளவு தூரம் போக நான் தயங்குகிறேன். பகலுக்கும் இரவுக்கும் வேறுபாடு அழிந்துகொண்டிருந்த உடலுக்கு, அந்த வேலை ஒரு பகலைத் தந்தது என்று மட்டும் சொல்வேன். 1885 ஜூன் 16 அன்று நியூயார்க்கின் வெக்கையிலிருந்து மெக்ரிகர் மலையிலுள்ள மரவீட்டுக்கு அவரைக் கொண்டுசென்றார்கள். அங்கே கோடையிலும் கம்பளித் தொப்பியும் கழுத்துத் துணியுமாக, திண்ணையின் வெளிச்சத்தில் அமர்ந்து படித்தார், எழுதினார், திருத்தினார். அந்தக் கோலத்தில் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் எடுத்த படம் இன்றும் இருக்கிறது. இரவானால் மீண்டும் அந்த இரண்டு நாற்காலிகள்தான்.

ஜூலை நடுவில் நூல் முடிந்தது. பின்னர் அதன் வருவாயாக ஜூலியாவுக்கு 4 லட்சம் டாலருக்கும் மேல் கிடைத்தது. ஜூலை 22 மாலை, பல மாதங்களுக்குப் பிறகு நாற்காலிகளிலிருந்து கிராண்டைக் கட்டிலில் கிடத்தினார்கள். மறுநாள் காலை 8 மணி கடந்து சில நிமிடங்களில் உயிர் பிரிந்தது. மூத்த மகன் பிரெட் எழுந்துபோய் சுவர்மாடத்திலிருந்த கடிகாரத்தை நிறுத்தினார். அந்த வீடு இப்போது நினைவில்லம். கடிகாரத்தையும் நாற்காலிகளையும் அங்கே பார்க்கலாம்.