காசு கொடுக்க முடியாதவங்களோட முகங்கள்

கால்குலேட்டரை எடுத்து 355-ஐ 113-ஆல வகுத்துப் பாருங்க. பை-யோட முதல் ஆறு தசம இடங்கள் அப்படியே வரும். 5-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டுபிடிச்சவர் சீனக் கணித மேதை ட்சு சோங்ஜி. அவர் எப்படி இருந்தார்னு யாருக்கும் தெரியாது. ஆனா 1955-ல வந்த சீனத் தபால்தலையில அவருக்கு ஒரு முகம் இருக்கு. அந்த முகத்தைக் கொடுத்தவர் ஓவியர் ஜியாங் ஜாவ்ஹே.

அதே வரிசையில 16-ஆம் நூற்றாண்டு மருத்துவர் லி ஷிஜென்னையும் வரைஞ்சார். அதுக்கு மாடல் யார் தெரியுமா? அவரோட மாமனார்! பெய்ஜிங்கில பேர்பெற்ற வைத்தியர் ஷியாவ் லோங்யோ. கண்ணு முன்னாடி ஒரு மனுஷன் இல்லாம ஜியாங்குக்கு முகம் வராது.

1904-ல சிச்சுவான் மாகாணம் லுஜோவில ஏழைக் குடும்பத்துல பிறந்தவர். 16 வயசுல ஷாங்காய்க்கு வந்து விளம்பரப் படம், கடை ஜன்னல் அலங்காரம்னு கிடைச்ச வேலையெல்லாம் செஞ்சார். ஓவியக் கல்லூரியில படிக்காமலேயே பின்னாடி கல்லூரியில பாடம் நடத்தினார். 1927-ல குதிரை ஓவியங்களுக்குப் பேர்போன சூ பெய்ஹோங்கோட நட்பு கிடைச்சது திருப்புமுனை.

அவர் முறை என்ன? சீனக் காகிதம் மையை உடனே உறிஞ்சிடும். ரப்பர் போட்டு அழிக்க முடியாது, ‘அன்டூ’ கிடையாது! மரபான சீன ஓவியத்துல அந்தக் காலத்துல மலையும் மூங்கிலும்தான் பெருசு. மனுஷ முகம் பெரும்பாலும் நாலு கோட்டுல முடிஞ்சிடும். ஜியாங் மேற்கத்திய ஸ்கெட்ச்சிலிருந்து எலும்பு, தசை அமைப்பை எடுத்துக்கிட்டார். வெளிச்சம் எந்தப் பக்கம் விழுதுங்கிறதைப் பெருசா கண்டுக்கல. முதல்ல கோடு, அப்புறம் கன்னக்குழி, நெற்றிச் சுருக்கத்துல மட்டும் உலர்ந்த தூரிகையால லேசா மை தேய்ப்பு, அதுமேல மெல்லிய வண்ணம். அவ்வளவுதான். அந்தச் சிக்கனம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

உருவப்படம்னா யார் காசு கொடுக்கிறாங்களோ அவங்களைத்தானே வரைவாங்க? இவர் 1930-களில பெய்ஜிங் தெருவுல டீ விக்கிற பையன், பிச்சைக்காரர், கூலியாட்கள்னு தேடித்தேடி வரைஞ்சார்.

அதோட உச்சம் ‘அகதிகள்’. ஜப்பானியப் படை நகரத்தைப் பிடிச்சு வெச்சிருந்த நேரம். 2 மீட்டர் உயரம், ஏறக்குறைய 26 மீட்டர் நீளம், நூறுக்கு மேல மனுஷங்க, கிட்டத்தட்ட ஆள் உயரத்துல. செத்துக் கிடக்கிறவங்க, குண்டுச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கிறவங்க, குழந்தையை இறுக்கிப் பிடிச்ச அம்மாக்கள். முழுசா விரிச்சு வெச்சா மாட்டிக்குவோம்னு பகுதி பகுதியா வரைஞ்சார். 1943 அக்டோபர் 29 அன்னைக்கு ‘குழு உருவப்படம்’னு அப்பாவியா ஒரு பேர் வெச்சுக் காட்சிக்கு வெச்சார். சில மணி நேரத்துல அதிகாரிகள் மூடிட்டாங்க. 1944-ல ஷாங்காயில காட்டினப்போ ஓவியமே கைவிட்டுப் போச்சு.

1953-ல ஷாங்காய்க் கிடங்கு ஒண்ணுல கிடைச்சது பாதிதான், சுமார் 12 மீட்டர், அதுவும் கறை படிஞ்சு. மீதிப் பாதியை இன்னைக்குப் பழைய போட்டோவுலதான் பாக்க முடியும்.

கொடுமை அதோட முடியல. போருக்கு அப்புறம் சொந்த நாட்டுக்காரங்களே திட்டினாங்க: எதிர்த்துப் போராடுறவங்க ஒருத்தர்கூட இல்லையே, வெறும் துயரம்தானே இருக்குன்னு. துப்பாக்கி முனையில வாழ்ந்த ஊருக்குள்ள அந்தத் துயரத்தைக் காட்டினதே எவ்வளவு துணிச்சல்! கலாச்சாரப் புரட்சியிலயும் அவர் தப்பல.

1959-ல போரையும் பசியையும் பாடின பழங்கவிஞர் து ஃபுவை வரைஞ்சார். இந்தத் தடவை மாடல் தேடி வெளிய போகல, அந்த முகத்துல இருக்கிறது ஜியாங்தான்.

1986-ல காலமானார். மிச்சமிருந்த பாதி ‘அகதிகள்’ ஓவியத்தை அவர் மனைவி 1998-ல பெய்ஜிங் தேசியக் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தாங்க. காகிதத்துல அந்தக் கறைகள் இன்னும் இருக்கு.