யோன் சிகுர்த்சன்

யோன் சிகுர்த்சன் (ஜூன் 17, 1811 – டிசம்பர் 7, 1879) ஐஸ்லாந்தின் தேசிய இயக்கத் தலைவரும் வரலாற்று அறிஞரும் ஆவார். டென்மார்க் அரசின் ஆட்சியில் இருந்த ஐஸ்லாந்துக்குத் தன்னாட்சி உரிமை உண்டு என்பதைப் பழைய ஆவணங்களின் துணைகொண்டு வாதிட்டவர் இவர். இவரது பிறந்த நாளான ஜூன் 17 ஐஸ்லாந்தின் தேசிய நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஐஸ்லாந்து மக்கள் பெரும்பாலும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்வதில்லை. சிகுர்த்சன் என்பது சிகுர்த் என்பவரின் மகன் என்று பொருள்படும் தந்தைவழிப் பெயர் ஆகும். எனவே இக்கட்டுரையில் இவர் யோன் என்றே குறிப்பிடப்படுகிறார்.

பின்னணி

ஐஸ்லாந்தில் கி.பி. 930 ஆம் ஆண்டில் அல்திங்கு என்னும் பொதுமன்றம் திங்வெல்லிர் சமவெளியில் நிறுவப்பட்டது. 1262 ஆம் ஆண்டில் ஐஸ்லாந்தர் ஓர் உடன்படிக்கையின் மூலம் நார்வே அரசரைத் தம் அரசராக ஏற்றனர். 1380 இல் நார்வேயுடன் சேர்ந்து ஐஸ்லாந்தும் டென்மார்க் அரசரின் ஆட்சிக்குள் வந்தது. 1602 முதல் 1787 வரை தீவின் வணிகம் முழுவதும் டென்மார்க்கின் தனியுரிமையாக இருந்தது. 1800 இல் அல்திங்கு கலைக்கப்பட்டது. 1801 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 47,000 மட்டுமே.

இளமையும் கல்வியும்

யோன் வடமேற்கு ஐஸ்லாந்தின் ராப்ன்செய்ரி என்னும் ஊரில் ஒரு கிறித்தவ மதகுருவின் மகனாகப் பிறந்தார். ரெய்க்யவிக் நகருக்குச் சென்று முதலில் ஒரு கடையிலும், பின்னர் ஆயரின் செயலாளராகவும் பணியாற்றினார். 1833 இல் மேற்படிப்புக்காகக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் சென்றார். எனினும் அவர் பட்டம் பெறவில்லை. புறப்படும் முன் உறவினரான இங்கிபியோர்க் என்பவருடன் அவருக்குத் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1845 இலேயே அத்திருமணம் நடந்தது.

கோபன்ஹேகனில் ஐஸ்லாந்து அறிஞர் ஆர்னி மாக்னுசன் சேகரித்த பழஞ்சுவடிகள் இருந்தன. யோன் அச்சுவடிகளைப் படித்துப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டார். ஐஸ்லாந்து தொடர்பான சட்டங்களையும் பழைய ஆவணங்களையும் தொகுதிகளாக வெளியிட்டார். இப்பணியில் பெற்ற அறிவே பின்னாளில் இவரது அரசியல் வாதங்களுக்கு அடிப்படையாயிற்று.

அல்திங்கு மீண்டும் அமைதல்

1843 இல் வெளியான அரச ஆணைப்படி அல்திங்கு ஓர் ஆலோசனை மன்றமாக மீண்டும் அமைக்கப்பட்டு, 1845 இல் கூடியது. அதனை எங்கு அமைப்பது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. பழம்பெருமை கருதித் திங்வெல்லிரிலேயே அமைக்க வேண்டும் என்று சில கவிஞர்களும் இளைஞர்களும் விரும்பினர். யோன் இதனை ஏற்கவில்லை. நாட்டுக்கு வளரும் தலைநகர் ஒன்று தேவை என்றும், மன்றமும் பள்ளியும் வணிகமும் ரெய்க்யவிக்கில் ஒருங்கே அமைய வேண்டும் என்றும் அவர் கருதினார். மன்றம் ரெய்க்யவிக்கிலேயே அமைந்தது. யோன் தம் பிறந்த பகுதியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர்ப் பலமுறை மன்றத் தலைவராகவும் விளங்கினார்.

கோபன்ஹேகனில் வாழ்ந்துகொண்டே, மன்றம் கூடும் காலங்களில் கப்பலில் தாய்நாடு வந்து சென்றார். 1841 முதல் தம் நண்பர்களுடன் நடத்திய ஆண்டிதழில் கல்வி, வணிகம், ஆட்சிமுறை ஆகியவை பற்றித் தொடர்ந்து எழுதினார். வணிகக் கட்டுப்பாடுகளை நீக்கவேண்டும் என்பது இவரது முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. 1855 இல் எல்லா நாட்டு வணிகர்களுக்கும் ஐஸ்லாந்து திறந்துவிடப்பட்டது.

1848 உம் தேசியப் பேரவையும்

1848 இல் டென்மார்க் அரசர் முற்றதிகாரத்தைக் கைவிட்டார். அவ்வதிகாரம் யாரைச் சேரும் என்னும் கேள்வி எழுந்தது. ஐஸ்லாந்தர் உடன்படிக்கை செய்துகொண்டது அரசருடனேயன்றி டென்மார்க் மக்களுடன் அன்று. ஆகவே அரசர் துறந்த அதிகாரம் ஐஸ்லாந்தரிடமே திரும்ப வேண்டும் என்று யோன் வாதிட்டார்.

1851 இல் ரெய்க்யவிக்கில் தேசியப் பேரவை கூட்டப்பட்டது. டென்மார்க்கின் அரசியலமைப்பை ஐஸ்லாந்துக்கும் விரிவாக்கும் சட்டவரைவு அதில் முன்வைக்கப்பட்டது. உறுப்பினர்கள் அதனை ஏற்க மறுக்கவே, ஆளுநர் திராம்ப பேரவையைக் கலைத்தார். யோன் எழுந்து எதிர்ப்புத் தெரிவிக்க, ஏனைய ஐஸ்லாந்து உறுப்பினர்கள் ஒருமித்து அவருடன் இணைந்தனர். அதன் பின் அவர் இயக்கத்தின் ஒப்பற்ற தலைவராகக் கருதப்பட்டார்.

பின்னடைவுகள்

1856 அளவில் ஆடுகளிடையே சொறிநோய் பரவியது. நோயுற்ற மந்தைகளைக் கொன்றுவிட வேண்டும் எனப் பல விவசாயிகள் கருதினர். மருந்து நீரில் குளிப்பாட்டிக் குணப்படுத்தலாம் என்ற யோன், 1859 இல் அரசின் ஆணையர்களுள் ஒருவராக அனுப்பப்பட்டார். இதனால் சொந்த நாட்டிலேயே அவரது செல்வாக்குச் சில காலம் குறைந்தது.

டென்மார்க் முன்னர் எடுத்துக்கொண்ட தேவாலய நிலங்களையும் வணிக ஆதாயத்தையும் கணக்கிட்டு, ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,00,000 ரிக்சுடாலர் ஐஸ்லாந்துக்குத் தரவேண்டும் என்று அவர் கோரினார். 1871 ஆம் ஆண்டுச் சட்டம் நிலையான தொகையாக 30,000 ஐயும், தற்காலிகத் தொகையாக 20,000 ஐயும் மட்டுமே வழங்கியது.

1874 இல், குடியேற்றத்தின் ஆயிரமாவது ஆண்டு விழாவை ஒட்டி ஐஸ்லாந்துக்குத் தனி அரசியலமைப்பு வழங்கப்பட்டது. அல்திங்கு உள்நாட்டு விவகாரங்களில் சட்டமியற்றும் உரிமையைப் பெற்றது. அரசரே நேரில் வந்த அவ்விழாவுக்கு யோன் அழைக்கப்படவில்லை.

மறைவும் நினைவும்

யோன் 1879 டிசம்பர் 7 இல் கோபன்ஹேகனில் காலமானார். அவரது மனைவி ஒன்பது நாட்களுக்குப் பின் இறந்தார். இருவரது உடல்களும் 1880 இல் ரெய்க்யவிக்கில் அடக்கம் செய்யப்பட்டன.

ஐஸ்லாந்து 1904 இல் உள்நாட்டுத் தன்னாட்சியும், 1918 இல் இறைமையும் பெற்றது. ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகம் யோனின் நூற்றாண்டு நாளான 1911 ஜூன் 17 இல் நிறுவப்பட்டது. 1944 ஜூன் 17 இல் திங்வெல்லிரில் குடியரசு அறிவிக்கப்பட்டது. அவர் ஆராய்ந்த சுவடிகளுள் பலவற்றை 1971 முதல் 1997 வரை டென்மார்க் திருப்பி அளித்தது. கோபன்ஹேகனில் அவர் வாழ்ந்த வீடு இன்று ஐஸ்லாந்து நாடாளுமன்றத்தின் உடைமையாக உள்ளது. ரெய்க்யவிக்கில் அவரது சிலை நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கி நிற்கிறது.