பாரதி பிடிக்குமா? அப்போ இவரையும் கேளுங்க! யார் இந்த கனக சுப்புரத்தினம்?

பிடித்த ராப்பரின் பாட்டு முடிந்ததும், இதே மாதிரி வேற யாரு இருக்காங்கன்னு ஆப்பில் தேடுவோம் இல்லையா? நூறு வருஷத்துக்கு முன்னாடி புதுச்சேரியில் அப்படி ஒருவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் பாரதியார்.

யார் அவர்?
1891-ல் புதுச்சேரியில் பிறந்த தமிழாசிரியர் கனக சுப்புரத்தினம். ஆங்கிலேயரிடம் இருந்து தப்பி 1908-ல் இங்கே வந்திருந்தார் பாரதி. ஒரு கல்யாண வீட்டில் சுப்புரத்தினம் பாரதி பாட்டைப் பாட, கூட்டத்தில் பாரதியே உட்கார்ந்திருந்தார். அது பாடியவருக்குத் தெரியாது! பின்னர் சுப்புரத்தினம் சக்தியைப் பற்றி எழுதிய பாட்டை, பாரதியே சுதேசமித்திரனுக்கு அனுப்பிவைத்தார்.

அப்போ வெறும் காப்பியா?
இல்லை. சந்தமும் எளிய சொல்லும் பாரதி வழி; கருத்து வேறு. சக்தியைப் பாடியவர், பெரியாரின் சுயமரியாதை இயக்கத்துக்கு வந்து நாத்திகரானார். ஒரு பிராமணருக்கு தாசனா என்று விமர்சனம் வந்தும், பாரதிதாசன் என்ற பெயரை அவர் விடவே இல்லை.

1964-ல் மறைந்தார். புதுச்சேரியின் தமிழ்த்தாய் வாழ்த்து அவர் எழுதியதுதான். பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

எங்கே ஆரம்பிக்கலாம்?
‘அழகின் சிரிப்பு’. சத்தமா படிச்சுப் பாருங்க, பீட் தானா வரும்.