எழுத்தும் விடுதலையும்

அமெரிக்காவின் தென்பகுதியான ஜார்ஜியா மாநிலத்தில், மேக்கன் நகரில் அடிமைகளாக வாழ்ந்தவர்கள் வில்லியம் கிராஃப்ட், எலன் கிராஃப்ட் இணையர். வில்லியம் தச்சுத் தொழிலில் தேர்ந்தவர். எலன் தையற்கலையில் வல்லவர். அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தையும் அடிமையே என்பது அக்காலச் சட்டம். தம் பிள்ளை விற்பனைப் பொருளாவதை எலன் விரும்பவில்லை. எனவே, இருவரும் தப்பிச் செல்லத் துணிந்தனர்.

1848 டிசம்பரில், வெளிர்நிறம் கொண்ட எலன் நோயுற்ற வெள்ளையினச் செல்வராக ஆண்வேடம் பூண்டார். வில்லியம் அவருடைய அடிமையாக உடன் சென்றார். அடிமைகளுக்கு எழுத்தறிவித்தல் குற்றமாதலால் எலனுக்குக் கையொப்பமிடத் தெரியாது. விடுதிகளில் அக்குறை வெளிப்படாதிருக்க, வலக்கையைத் துணியால் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார். தொடர்வண்டியிலும் நீராவிக் கப்பலிலும் பயணம் செய்து, கிறித்துமஸ் நாளில் பிலடெல்பியாவை அடைந்தனர்.

தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்கும் சட்டம் 1850இல் கடுமையாக்கப்பட்டது. பாஸ்டனில் வாழ்ந்த இருவரும் இங்கிலாந்துக்குச் சென்றனர். அங்கே முறையாகக் கல்வி கற்றனர். ஐந்து குழந்தைகளைப் பெற்றனர். தம் வரலாற்றை 1860இல் நூலாக வெளியிட்டனர்.

உள்நாட்டுப் போரின் முடிவில் அடிமைமுறை ஒழிந்தது. இங்கிலாந்திலேயே அமைதியாக வாழ்ந்திருக்கலாம். ஆயினும் தாயகம் திரும்பினர். முதலில் தொடங்கிய பண்ணையை நிறவெறியர் தீக்கிரையாக்கினர். மனந்தளராத இருவரும் ஜார்ஜியாவின் பிரையன் மாவட்டச் சிற்றூர்ப் பகுதியில், விடுதலை பெற்ற உழவர் குடும்பங்களுக்காகப் பண்ணையும் பள்ளியும் அமைத்தனர். பணமுடையும் பகைவரின் அவதூறும் அப்பள்ளியை நெடுநாள் நிலைக்கவிடவில்லை. எலன் 1891இலும் வில்லியம் 1900இலும் மறைந்தனர்.

ஒருகாலத்தில் கையொப்பமிட அறியாது கையை மறைத்த எலன், அதே மாநிலத்துப் பிள்ளைகள் எழுதப் பழகும் பள்ளியைத் தம் கணவரோடு எழுப்பினார்.